பார்த்தாலே இயங்கிய கோப்புறை: கே.டி.இ கோப்பு மேலாளரின் 2019ஆம் ஆண்டு பாதுகாப்பு வழு திருத்தப்பட்ட விதம்

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில், லினக்ஸ் பயனர்களிடையே பரவலாகப் புழங்கும் டால்ஃபின் என்ற கட்டற்ற கோப்பு மேலாளரில் ஒரு கோப்புறையைத் திறந்து பார்ப்பதே, யாரோ ஓர் அந்நியர் எழுதிவைத்த கட்டளை அந்தக் கணினியில் ஓடுவதற்குப் போதுமானது என்பது பொதுவெளியில் தெரியவந்தது. பாதுகாப்பு வழுக்களுக்கான பொதுப் பட்டியலில் சி.வி.இ-2019-14744 என்ற எண்ணில் பதிவான இந்த வழுவுக்குச் சில நாட்களிலேயே திருத்தம் வந்தது. அத்திருத்தம் டால்ஃபினின் நிரலில் செய்யப்படவில்லை என்பதும், நீக்கப்பட்ட பகுதி எவரோ கவனக்குறைவாக எழுதிய தவறாக இல்லாமல் தெரிந்தே சேர்க்கப்பட்டு ஆவணத்திலும் விளக்கப்பட்டிருந்த வசதியாக இருந்தது என்பதும்தான் இந்நிகழ்வை விரிவாகப் பதிவு செய்யத் தூண்டுகின்றன. சம்பந்தப்பட்ட தனிநபர்களின் பெயர்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

லினக்ஸ் கணினிகளுக்கான மேசைச் சூழலையும் செயலிகளையும் உருவாக்கும் கே.டி.இ திட்டத்தில், 2008ஆம் ஆண்டு வெளியான நான்காம் தலைமுறை முதல், டால்ஃபினே இயல்பான கோப்பு மேலாளராக இருந்துவருகிறது. அதற்கு முன்பு இணைய உலாவியாகவும் கோப்பு மேலாளராகவும் இரட்டை வேலை பார்த்த கான்கரரிடமிருந்து அப்பொறுப்பு இதற்கு மாறியது. திரையில் நாம் காணும் வேலைகள் அனைத்தையும் டால்ஃபின் தானே செய்வதில்லை. கே.டி.இ ஃபிரேம்வொர்க்ஸ் என்ற தொகுப்பில் எழுபது அளவிலான நூலகங்கள், அதாவது பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் பகுதிகள், உள்ளன, அவற்றின் புதிய பதிப்பு மாதந்தோறும் வெளியாகிறது, கே.டி.இ செயலிகள் பெரும்பாலும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. அமைவுக் கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதும் அவற்றுள் ஒன்றான கேகான்ஃபிக் நூலகத்தின் பொறுப்பு.

இந்த நூலகம் படிக்கும் கோப்புகளில் இரண்டு வகை நமக்கு முக்கியமானவை. முதலாவது, டெஸ்க்டாப் என்ற பின்னொட்டுடன் முடியும் சிறு உரைக்கோப்பு. ஒரு செயலியின் பெயர், அதற்குரிய சின்னம், சொடுக்கினால் ஓட வேண்டிய கட்டளை ஆகியவற்றை வரிக்கு ஒன்றாக அது கொண்டிருக்கும். ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு வகுத்த பொது விதிகளின்படி எழுதப்படுவதால் க்னோம், கே.டி.இ முதலிய எல்லா மேசைச் சூழல்களுக்கும் இது பொதுவானது. இரண்டாவது, கோப்புறைக்குள் இருக்கும் டைரக்டரி என்ற கோப்பு. அக்கோப்புறைக்கு எந்தச் சின்னத்தைக் காட்டுவது, உள்ளே இருப்பவற்றை எப்படி அடுக்குவது என்பன போன்ற விவரங்களை டால்ஃபின் அதில் வைத்துக்கொள்கிறது. இதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி கேட்டால் ஒழியக் கண்ணில் படாது.

டெஸ்க்டாப் கோப்பின் விதிகளில், ஒரு வரியின் பெயருக்குப் பின் சதுர அடைப்புக்குறிக்குள் மொழியின் குறியீட்டை எழுத முடியும். தமிழில் அமைக்கப்பட்ட கணினியில் செயலிகளின் பெயர்கள் தமிழில் தெரிவது இந்த ஏற்பாட்டால்தான். அதே அடைப்புக்குறிக்குள் கே.டி.இ தனக்கென்று வேறு சில குறிகளையும் பயன்படுத்தியது. டாலர் குறியுடன் ஐ என்ற எழுத்து வந்தால், நிர்வாகி பூட்டிய அந்த மதிப்பைப் பயனர் மாற்ற முடியாது. டாலர் குறியுடன் ஈ என்ற எழுத்து வந்தால், அந்த மதிப்பை உள்ளபடியே எடுத்துக்கொள்ளாமல் விரித்துப் பொருள் கொள்ள வேண்டும். இவை பொது விதிகளில் இல்லாதவை. பள்ளி, அலுவலகம் போன்ற இடங்களில் பல கணினிகளை ஒரே அமைவால் நிர்வகிப்பதற்கென கே.டி.இ வகுத்த கியோஸ்க் ஏற்பாட்டின் ஆவணங்களில் இவை விளக்கப்பட்டிருந்தன.

விரித்தல் இரு வகைப்பட்டது. டாலர் குறிக்குப் பின் ஒரு சூழல் மாறியின் (செயலிகள் படித்துக்கொள்வதற்காக இயங்குதளம் பெயரிட்டு வைத்திருக்கும் மதிப்பின்) பெயர் வந்தால் அதன் மதிப்பு அவ்விடத்தில் பொருத்தப்படும். டாலர் குறிக்குப் பின் வளைவு அடைப்புக்குறிக்குள் ஷெல் கட்டளை (உரையாக எழுதிய கட்டளைகளை ஓட்டும் ஷெல் என்ற நிரலுக்கான கட்டளை) வந்தால், அந்தக் கட்டளை ஓட்டப்பட்டு, அது தரும் விடை அவ்விடத்தில் பொருத்தப்படும். வழு இரண்டாவது வகையில் இருந்தது.

கவனிக்கப்பட்டது

பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், சின்னத்தைக் குறிக்கும் வரிக்கு விரித்தல் குறியைச் சேர்த்து, சின்னத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஷெல் கட்டளையை எழுதிப் பார்த்தார். கோப்புறையைத் திரையில் வரைவதற்கு டால்ஃபினுக்கு அந்தச் சின்னத்தின் பெயர் தேவை. எனவே அது கேகான்ஃபிக்கிடம் கேட்கிறது. கேகான்ஃபிக் விரித்தல் குறியைக் கண்டதும், பீஓப்பன் என்ற நிரல் அழைப்பின் வழியாக ஷெல்லைத் தொடங்கி, கட்டளையை ஓட்டி, வந்த விடையைச் சின்னத்தின் பெயராகத் திருப்பித் தருகிறது. அப்பெயரில் சின்னம் எதுவும் இல்லாவிட்டாலும் கோப்பு பட்டியலில் வழக்கம்போலத் தோன்றிவிடுவதால், பயனருக்கு எந்த வித்தியாசமும் தெரிவதில்லை. கட்டளை மட்டும் அதற்குள் ஓடி முடிந்திருக்கும்.

பயனர் எதையும் சொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் கடுமை. இணையத்திலிருந்து இறக்கிய ஒரு ஜிப் கோப்பை விரித்து, அதன் உள்ளடக்கத்தை டால்ஃபினில் பார்த்தாலே போதும். மறைந்த டைரக்டரி கோப்பின் வழியாக இது நடந்தால், நடந்ததற்கான அடையாளம்கூடக் கண்ணில் படாது. ஓடும் கட்டளைக்குக் கணினி நிர்வாகியின் அதிகாரம் கிடைக்காது. பயனரின் அதிகாரம் மட்டுமே கிடைக்கும். இதைச் சொல்லி ஆறுதல் அடைவோர் உண்டு. ஒருவரே பயன்படுத்தும் மேசைக் கணினியில் ஆவணங்கள், உலாவி சேமித்த கடவுச்சொற்கள், சேவையகங்களுக்குள் நுழையும் சாவிகள் என மதிப்புள்ளவை யாவும் அந்தப் பயனரின் அதிகாரத்துக்குள்தான் இருக்கின்றன என்பதால் அந்த ஆறுதலில் பெரிய பொருள் இல்லை.

டெஸ்க்டாப் கோப்புகளின் ஆபத்து அதுவரை அறியப்படாத ஒன்றன்று. இத்தகைய கோப்பு ஓர் ஆவணத்தின் பெயரையும் சின்னத்தையும் பூண்டுகொண்டு, சொடுக்கியதும் வேறு எதையாவது இயக்கக்கூடும் என்பது முன்பே பேசப்பட்டிருந்தது. இயக்க அனுமதி இல்லாத டெஸ்க்டாப் கோப்பை இயக்கும் முன் எச்சரிக்கும் வழக்கமும் அதனால் ஏற்பட்டிருந்தது. க்னோமின் நாட்டிலஸ் கோப்பு மேலாளரில் அதே ஏமாற்று 2017இல் சி.வி.இ-2017-14604 என்ற எண்ணில் பதிவானது. டார் வகைத் தொகுப்புகள் இயக்க அனுமதியையும் சேர்த்தே எடுத்துவருவதால் அனுமதியை மட்டும் நம்ப முடியாது என்று கண்டு, பயனர் நம்பிக்கைக்குரியது என்று குறித்த கோப்பை மட்டுமே இயக்கும்படி நாட்டிலஸ் மாற்றப்பட்டது. இந்தக் காவல்கள் யாவும் சொடுக்குதல் என்ற செயலின் மேல் வைக்கப்பட்டவை. சின்னத்தின் பெயரைப் படிப்பது எந்தக் காவலையும் கடக்கத் தேவையில்லாத, தீங்கற்ற வேலையாகக் கருதப்பட்டிருந்தது.

வெளியிட்ட விதம்

கே.டி.இ திட்டத்துக்குப் பாதுகாப்பு வழுக்களைத் தனியாகத் தெரிவிப்பதற்கான முகவரி உண்டு. அவ்வழியில் வரும் தகவலை ஒரு சிறு குழு ஆராய்ந்து, திருத்தத்தைத் தயாரித்து, லினக்ஸையும் செயலிகளையும் தொகுத்துப் பயனர்களுக்குத் தரும் வழங்கல்களின் பாதுகாப்புக் குழுக்களுக்கு முன்கூட்டியே சொல்லி, பிறகு எல்லோரும் ஒரே வேளையில் அறிவிப்பது வழக்கம். இந்நிகழ்வில் அது நடக்கவில்லை. ஆய்வாளர் தம் கண்டுபிடிப்பையும், அதை நிகழ்த்திக் காட்டும் மாதிரிக் கோப்புகளையும் முதலில் பொதுவெளியில் வைத்தார். திருத்தம் எழுதுவோரும் தீங்கு நினைப்போரும் ஒரே நாளில் ஒரே தகவலைப் பெற்றார்கள்.

கே.டி.இயின் முதல் பதில், திருத்தம் வரும்வரை நம்பகமற்ற இடங்களிலிருந்து டெஸ்க்டாப், டைரக்டரி கோப்புகளை இறக்க வேண்டாம், அத்தகைய இடங்களிலிருந்து வந்த தொகுப்புகளை விரிக்கவும் வேண்டாம் என்ற இடைக்கால அறிவுரையாக இருந்தது. வேறு எதையும் சொல்வதற்கு அந்த நேரத்தில் வழி இல்லை என்பது உண்மையே. ஆயினும் மறைந்த கோப்பு ஒன்று தொகுப்புக்குள் இருக்கிறதா என்று விரிக்கும் முன்பே பார்க்கும் பழக்கம் எத்தனை பேருக்கு உண்டு என்று எண்ணினால், இத்தகைய அறிவுரையின் பயன் அளவானதுதான்.

ஆகஸ்ட் 7ஆம் தேதியிட்ட பாதுகாப்பு அறிவிப்பில் திட்டத்தினர் ஆய்வாளருக்கு நன்றி தெரிவித்தார்கள். பொதுவெளியில் வைக்கும் முன் தங்களை அவர் தொடர்புகொண்டிருக்கலாம் என்ற தங்கள் விருப்பத்தையும் அதே வரியில் பதிவு செய்தார்கள். குறையை மறைக்காமலும், கண்டுபிடித்தவரைப் பகைக்காமலும் எழுதப்பட்ட அந்த வரியின் நிதானம் குறிப்பிடத்தக்கது. வழுக்களை வெளியார் கண்டு சொல்வதை நம்பியே இயங்கும் ஒரு திட்டம், சினத்தைக் காட்டினால் அடுத்து வருபவர் தயங்குவார்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

தொழில்நுட்ப அளவில் எதிரே இருந்த வழிகள் பல. மிகச் சிறிய மாற்றம், டால்ஃபின் சின்னத்தைக் கேட்கும் இடத்தில் மட்டும் விரித்தலைத் தடுப்பது. ஆனால் சின்னத்தைக் கேட்பது டால்ஃபின் மட்டும் அன்று. மேசைப் பரப்பைக் காட்டும் பிளாஸ்மா, கோப்பு திறக்கும் உரையாடல் பெட்டிகள் முதலியனவும் கேட்கும். ஒவ்வொன்றையும் தேடிப் பூட்டினால், நாளை எழுதப்படும் செயலி ஒன்று அதே துளையைத் திரும்பத் திறந்துவிடும்.

அடுத்த வழி, டெஸ்க்டாப் கோப்புகளுக்கும் டைரக்டரி கோப்புகளுக்கும் மட்டும் கட்டளை விரித்தலை மறுப்பது. கேகான்ஃபிக்கில் டெஸ்க்டாப் கோப்பைப் படிக்கும் வகுப்பு பொது அமைவுக் கோப்பு வகுப்பிலிருந்து பிறந்தது என்பதால் இதைச் செய்வது கடினமன்று. எனினும் பயனரின் அமைவுக் கோப்புறைக்குள் ஒரு கோப்பை எப்படியோ நுழைத்துவிட்டால், செயலி தொடங்கும்போதே கட்டளை ஓடும் என்ற நிலை அப்போதும் தொடரும். அறிவிப்பும் இந்தத் தாக்குதல் வழியைத் தனியே சுட்டிக்காட்டியது. நிர்வாகிக்கு உரிய அமைவுக் கோப்புகளில் மட்டும் கட்டளையை அனுமதிப்பது மூன்றாவது வழி. கேகான்ஃபிக் பல இடத்துக் கோப்புகளை அடுக்கடுக்காக இணைத்து ஒரே மதிப்பைத் தருவதால், ஒவ்வொரு மதிப்பும் எங்கிருந்து வந்தது என்பதைக் கடைசிவரை சுமந்து செல்ல வேண்டியிருக்கும். அவசரத்தில் எழுதும் திருத்தத்துக்கு அது ஏற்றதன்று என்பது என் கணிப்பு.

திட்டத்தினர் கட்டளை விரித்தலை அடியோடு நீக்கினார்கள். அவர்கள் தந்த காரணம் எளிமையானது: இந்த வசதிக்கு உண்மையான பயன்பாடு ஒன்றைத் தேடியும் கிடைக்கவில்லை. பழைய ஆவணத்தில் இருந்த ஒரே எடுத்துக்காட்டு, கணினியின் பெயரைத் தரும் ஹோஸ்ட்நேம் கட்டளை. அதையும் அதே பெயருள்ள சூழல் மாறியைக் கொண்டு நிறைவேற்றலாம் என்று திருத்தத்தின் குறிப்பு சொன்னது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த மாறியை பாஷ் ஷெல் தனக்குள் வைத்திருந்தாலும், வெளிப்படையாக ஏற்றுமதி செய்யாதவரை மற்ற செயலிகளுக்கு அது போய்ச் சேராது. ஆகவே எல்லாக் கணினிகளிலும் அந்த மாற்று வழி அப்படியே வேலை செய்யும் என்று கொள்ள முடியாது. ஆனால் கணினியின் பெயர் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பயனரின் கணினியையும் திறந்து வைத்திருக்க முடியாது என்ற வாதத்தை அந்த நுணுக்கம் பலவீனப்படுத்துவதில்லை.

நீக்கியதைப் போலவே விட்டுவைத்ததும் யோசித்துச் செய்யப்பட்டது. சூழல் மாறிகளை விரிப்பது தொடர்ந்தது. அதையும் சேர்த்து நீக்கியிருந்தால் பயனர்களின் அமைவுகள் உடைந்திருக்கும். ஏனெனில் கேகான்ஃபிக் கோப்புப் பாதைகளைச் சேமிக்கும்போது, வீட்டுக் கோப்புறையின் முழுப் பாதைக்குப் பதிலாக ஹோம் மாறியை எழுதி, விரித்தல் குறியையும் சேர்த்தே சேமிக்கிறது. அதுபோலவே, டெஸ்க்டாப் கோப்பில் ஓட வேண்டிய கட்டளையைச் சொல்லும் வரியில் ஷெல் கட்டளைகள் தொடர்ந்து செல்லுபடியாகும் என்றும் திருத்தக் குறிப்பு தெளிவுபடுத்தியது. அந்த வரி இயக்குவதற்கென்றே உள்ளது. அதன் முன் பயனரின் சொடுக்கும், அதற்குரிய எச்சரிக்கையும் நிற்கின்றன.

திருத்தமும் அதைச் சோதித்ததும்

அப்போது கே.டி.இ பயன்படுத்திவந்த ஃபேப்ரிகேட்டர் என்ற மீள்பார்வைக் கருவியில் திருத்தம் வைக்கப்பட்டது. பீஓப்பன் அழைப்பும், அடைப்புக்குறிகளை எண்ணிக் கட்டளையின் முடிவைக் கண்டுபிடிக்கும் வரிகளும் நீக்கப்பட்டன; ஆவணத்தில் அந்த வசதியை விளக்கிய பத்தியும் போயிற்று.

தானியங்கிச் சோதனைகளில் செய்த மாற்றம் தனியே கவனிக்கத்தக்கது. கட்டளை ஓடி விடை வருகிறதா என்று பார்க்கும் சோதனைகள் முன்பே இருந்தன. அதாவது, ஆபத்தான நடத்தை சரியாக நடக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் சோதனைகளைத் தூக்கியெறியாமல், எதிர்பார்க்கும் விடையைத் தலைகீழாக்கினார்கள். கணினியின் பெயர் வர வேண்டிய இடத்தில், டாலர் குறி உதிர்ந்து, அடைப்புக்குறிக்குள் ஹோஸ்ட்நேம் என்ற வெறும் சொல் மிஞ்ச வேண்டும் என்று இப்போது சோதனை எதிர்பார்க்கிறது. பிற்காலத்தில் யாரேனும் நல்லெண்ணத்தோடு அந்த வசதியைத் திரும்பச் சேர்த்தால் சோதனை தோற்று, காரணத்தைத் தேட வைக்கும். இவற்றோடு டெஸ்க்டாப், டைரக்டரி, அமைவுக் கோப்புகள் என மூன்று வகையிலும் கட்டளைகளை எழுதிவைத்து, அவை ஓடவில்லை என்று கையால் சரிபார்த்ததும் குறிப்பில் பதிவாகியுள்ளது.

பயனரின் கணினி வரை

திருத்தம் அடங்கிய ஃபிரேம்வொர்க்ஸ் 5.61 பதிப்பு 2019 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. புதிய பதிப்புகளை உடனுக்குடன் எடுத்துக்கொள்ளும் வழங்கல்களுக்கு அதுவே போதுமானது. பதிப்பை உறைய வைத்துவிட்டுப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய நிரலில் பொருத்தும் வழங்கல்களுக்கு அது போதாது. ஒரு மாதத்துக்கு முன்புதான் வெளியாகியிருந்த டெபியன் 10இல் இருந்தது கேகான்ஃபிக் 5.54, அதற்கு முந்தைய டெபியன் 9இல் இருந்தது 5.28. டெபியன் பாதுகாப்புக் குழுவும் தொகுப்பாளர்களும் இரண்டிலும் அதே நீக்கத்தைப் பொருத்தி, 5.61 வெளியாவதற்கு முந்தைய நாளே, ஆகஸ்ட் 9 அன்று, அறிவிப்பு வெளியிட்டார்கள். உபுண்டுவும் அதே மாதத்தில் திருத்தத்தை வழங்கியது.

நான்காம் தலைமுறையின் அடித்தளமான கே.டி.இலிப்ஸ் நூலகத்திலும் அதே வரிகள் இருந்தன. அந்தத் தலைமுறையின் வளர்ச்சி நின்று ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அதன் 4.14 கிளைக்கும் தனித் திருத்தம் எழுதித் தந்தார்கள். பழைய செயலிகள் சில அந்த நூலகத்தைப் பிடித்துக்கொண்டு பல கணினிகளில் வாழ்ந்துகொண்டிருந்ததால் அது வீண் உழைப்பு ஆகவில்லை. இப்பணி விரைவாக நடந்ததற்குத் திருத்தத்தின் வடிவமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். புதிய வரிகளைச் சேர்க்கும் திருத்தம் என்றால், சுற்றியுள்ள நிரல் ஒவ்வொரு பதிப்பிலும் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பொருத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் மாறாமல் கிடந்த ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் திருத்தம் எல்லாப் பதிப்புகளுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே பொருந்துகிறது.

அறிவிப்பு ஒரு வாசலைத் திறந்தே வைத்தது: இந்த வசதியை உண்மையிலேயே பயன்படுத்துவோர் தொடர்புகொண்டால், பாதுகாப்பான மாற்று ஒன்றைத் தர முடியுமா என்று பரிசீலிப்பதாகச் சொன்னது. பயன்பாடு தென்படவில்லை என்பதாலேயே பயன்படுத்துவோர் எவரும் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. நிறுவனங்களின் உள்ளமைவுக் கோப்புகள் வெளியே தெரிவதில்லை, அவற்றை நிர்வகிப்போர் மேம்பாட்டுக் குழுவுடன் பேசுவதும் குறைவு. முன்னறிவிப்பு தந்து, சில பதிப்புகள் பொறுத்திருந்து நீக்குவதே வழக்கமான நடைமுறை. தாக்கும் வழி பொதுவெளியில் கிடந்த நிலையில் அந்த அவகாசம் இல்லாமற் போனது.

மாற வேண்டியவை

இதேபோன்ற நூலகங்களைப் பராமரிப்போர் முதலில் பார்க்க வேண்டியது, படித்தல் என்ற பெயரில் எங்கெல்லாம் இயக்குதல் நடக்கிறது என்பதை. நிரல் முழுவதிலும் ஷெல்லைத் தொடங்கும் அழைப்புகளைத் தேடிப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் வரும் உரை யாருடைய கையிலிருந்து வருகிறது என்று கேட்டால், இந்த வழு ஆண்டுகளுக்கு முன்பே அகப்பட்டிருக்கும். கோப்பு மேலாளர்களில் சிறுபடம் வரையும் துணைநிரல்கள் அந்தப் பட்டியலில் முதல் இடத்தில் வரும். விண்டோஸ் நிறுவல் கோப்புகளுக்குச் சின்னம் வரையும் க்னோம் துணைநிரல் ஒன்று, கோப்பின் பெயரிலேயே ஒளித்துவைத்த நிரலை இயக்கிவிடுகிறது என்று 2017இல் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் க்னோம், சிறுபடம் வரைவோரை பபிள்ராப் என்ற கருவியால் தனிச்சிறையில் அடைத்து ஓட்டத் தொடங்கியது.

இரண்டாவதாக, பொது விதிகளுக்கு வெளியே ஒரு திட்டம் தனக்கென்று சேர்க்கும் நீட்டிப்புகள், அந்தக் கோப்பு வெளியிலிருந்தும் வரக்கூடும் என்ற எண்ணத்தோடு மறுபடி எடைபோடப்பட வேண்டும். கேகான்ஃபிக்கின் கட்டளை விரித்தல், நிர்வாகி தன் கையால் எழுதும் கோப்புகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டிருந்தது. அந்த இடத்தில் அது குற்றமற்றது. அதே படிப்பான் ஜிப் கோப்பிலிருந்து வந்த டெஸ்க்டாப் கோப்பையும் படிக்கத் தொடங்கிய நாளில் நிலைமை மாறியது. அந்த நாளில் யாரும் புதிதாக எதையும் தவறாக எழுதவில்லை என்பதால், வழக்கமான மீள்பார்வையில் இது சிக்கியிருக்க வாய்ப்பும் இல்லை.

மூன்றாவதாக, வழுவைத் தெரிவிக்கும் முகவரி திட்டத்தின் முகப்பிலேயே எளிதில் தென்பட வேண்டும். தெரிவித்தவருக்கு எத்தனை நாளுக்குள் பதில் கிடைக்கும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். அப்படியும் பொதுவெளியில் முதலில் சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அத்தகைய நாளுக்கென்று இடைக்கால அறிவுரையின் வரைவு, வழங்கல்களின் பாதுகாப்புக் குழுக்களுடைய தொடர்பு விவரங்கள், இன்னும் பயன்பாட்டில் உள்ள பழைய கிளைகளின் பட்டியல் ஆகியவற்றை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது சிறு திட்டங்களுக்கும் இயலக்கூடியதே. கே.டி.இலிப்ஸ் போன்ற கைவிடப்பட்ட கிளை ஒன்று அந்தப் பட்டியலில் விடுபட்டால், அதை நம்பியிருக்கும் செயலிகளில் அதே துளை திறந்தே இருக்கும்.